நூறு அடி பைப்பும் சுவரில் ஒட்டிய நோட்டீஸும்

இன்றைய தலைப்பை முதலிலேயே சொன்னால் பாதிப் பேர் அடுத்த எபிசோடுக்குத் தாவிடுவீங்க. அதனால அதைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு, ஒரு நோட்டீஸ் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் நியூயார்க் நகரத்தில், குயின்ஸ் பகுதியில், ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மூணாவது மாடியில் குடியிருந்தேன். மொத்தம் ஆறு வீடு. எங்க வீட்டில் நாங்க மூணு பேர். எல்லாருமே அப்போதுதான் படிப்பை முடிச்சு வேலைக்குச் சேர்ந்தவங்க, கையில் சேமிப்புன்னு எதுவும் கிடையாது. அந்த ஊர்ப் பழைய கட்டடங்களில் அடித்தளத்தில் ஒரு பெரிய பாய்லர் இருக்கும். அது கேஸில் எரியும். அங்கிருந்து சூடு குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்கும் வரும். கேஸ் கனெக்‌ஷன் ஹவுஸ் ஓனர் பேரில் இருக்கும். நாங்க கொடுக்கிற வாடகையிலேயே அதுவும் அடக்கம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்தப்போ, வாசல் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. என் ரூம்மேட், திருநெல்வேலிக்காரன், அதற்கு முன்னாடியே நின்னுட்டு இருந்தான். "ஏல, இங்க வந்து பாரு. கேஸ கட் பண்ணப் போறானுவளாம்."

ஓனர் பல மாசமா பில் கட்டவில்லை. குறிப்பிட்ட தேதிக்குள் பணம் வரலைன்னா இணைப்பு துண்டிக்கப்படும் என்று இருந்தது. அடுத்து வரப்போறது நியூயார்க் குளிர். எங்களுக்கு உடனே தோன்றியது ஒன்றுதான். வேற வீடு பார்க்கணும், அட்வான்ஸ் பணம் போச்சு.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருந்தாங்க. கயானாவிலிருந்து வந்து முப்பது வருஷமா அந்தக் கட்டடத்தில் இருக்கிறவங்க. எங்க முகத்தைப் பார்த்துட்டு, "நோட்டீஸை முழுசா படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாங்க. நாங்க படிக்கலை. கீழே இருந்த சின்ன எழுத்துப் பகுதியில் இப்படி இருந்தது: குடியிருப்பவர்கள் சேர்ந்து நடப்பு பில்லை மட்டும் கட்டினால் இணைப்பைத் துண்டிக்க மாட்டோம். ஓனரின் பழைய பாக்கியை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. கட்டிய தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

ஆறு வீடும் கூடிப் பேசினோம். பாட்டி ஒரு நோட்டில் கணக்கு எழுதினாங்க. பணத்தைப் பிரித்துக் கட்டினோம், வாடகையில் கழித்துக்கொண்டோம். ஓனர் முணுமுணுத்தார், ஆனால் ஒன்றும் செய்ய முடியலை. அந்தக் குளிர்காலம் முழுக்க ரேடியேட்டர் 'டங் டங்' என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. நான் கேட்ட இசையிலேயே எனக்குப் பிடிச்சது அதுதான்.

அது கேஸ் கம்பெனியின் பெருந்தன்மை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். அப்படி இல்லை. நியூயார்க் மாநிலத்தின் பொதுச் சேவைச் சட்டத்தில் 33-ஆம் பிரிவு அது. பல குடும்பங்கள் இருக்கும் கட்டடத்தில் ஓனர் பணம் கட்டலைன்னு கம்பெனி சட்டென்று துண்டிக்க முடியாது. குறைந்தது 15 நாள் முன்னாடி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிவிக்கணும், பொது இடத்தில் நோட்டீஸ் ஒட்டணும், நடப்புக் கட்டணத்தைக் கட்ட வாய்ப்புத் தரணும். 1981-இல் வீட்டு நுகர்வோருக்காகக் கொண்டுவந்த உரிமைகளில் அது ஒன்று.

இப்போ இன்றைய தலைப்புக்கு வரலாம். மின்சாரம், கேஸ், தண்ணீர் மாதிரியான பொதுச் சேவைச் சட்டங்களில் காலாவதியான பிரிவுகளை எப்படி நீக்குவது? இன்னும் இருக்கீங்களா? சரி, போகலாம்.

என்னைக் காப்பாற்றியது 33-ஆம் பிரிவு என்று சொன்னேன் இல்லையா? அதே சட்டத்தில், இரண்டே பிரிவு முன்னாடி, 31-ஆம் பிரிவு இருக்கு. அதில் ஒரு விதி. புது இணைப்புக் கேட்கும் கட்டடம் கேஸ் லைனிலிருந்து 100 அடிக்கு மேல் தள்ளி இருந்தால்தான், குழாய் போடும் செலவை விண்ணப்பித்தவரிடம் கேட்கலாம். நூறு அடிக்குள் என்றால் கம்பெனிதான் போட்டுத் தரணும். இதற்கு அங்கே 'நூறு அடி விதி' என்றே பெயர்.

கம்பெனி போட்டுத் தரும் என்றால் கம்பெனி தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தருகிறது என்று அர்த்தம் இல்லை. அந்தச் செலவு அதன் மூலதனக் கணக்கில் ஏறும். அதற்கு மேல் அனுமதிக்கப்பட்ட லாபமும் ஏறும். இரண்டையும் பல பத்தாண்டுகளுக்கு எல்லா வாடிக்கையாளர்களின் பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக வசூலிப்பாங்க. எங்கேயோ எழும்பும் புது அடுக்குமாடிக்கான குழாய்ச் செலவில் ஒரு துளி, எங்க குயின்ஸ் கட்டடத்து பில்லிலும் இருந்தது. அன்றைக்கு நாங்க ஆறு வீடும் பிரித்துக் கட்டின தொகையிலும் இருந்தது.

'இது அநியாயம்'னு உடனே தீர்ப்புச் சொல்லிடாதீங்க. அந்த விதி வந்தபோது அது நல்ல விதி.

ஒரு மேன்ஷனை எடுத்துக்குங்க. மொத்த வாடகை நிலையானது. நாலு பேர் இருந்தால் நாலாகப் பிரியும். இன்னும் நாலு பேர் வந்தால் எட்டாகப் பிரியும். புதுசா வர்றவனுக்கு ஒரு பாயும் தலையணையும் இலவசமாகக் கொடுத்தாலும் பழைய ஆளுக்கு லாபம்தான், ஏன்னா அவன் பங்கு குறையுது. குழாய் வலைப்பின்னலும் அப்படித்தான். பூமிக்கடியில் போட்ட குழாய்க்கு ஆகும் செலவு, ஆள் கூடினாலும் குறைஞ்சாலும் பெரிதாக மாறாது. அதனால் வளரும் காலத்தில் புது வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் பழைய வாடிக்கையாளரின் சுமையைக் குறைக்கிறார். இன்னொன்றும் இருக்கு. அந்த விதி இல்லைன்னா கம்பெனி வசதியான தெருக்களுக்கு மட்டும் குழாய் போட்டுட்டு, 'உங்க தெருவுக்குக் கட்டுப்படியாகாது' என்று ஏழைகளிடம் கையை விரித்துவிடும்.

இந்த யோசனை நியூயார்க்குக்கு மட்டும் சொந்தமில்லை. நம்ம ஊரிலும் இருந்தது. 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தீங்கன்னா, அங்கேயும் அதே நூறு அடி! விநியோக லைனிலிருந்து நூறு அடிக்கு அப்பால் போகும் கம்பிக்கும், உங்கள் சொந்த இடத்துக்குள் போடும் கம்பிக்கும் மட்டுமே உங்களிடம் செலவு கேட்கலாம். ஓர் ஊரில் டாலர், ஓர் ஊரில் ரூபாய், அளவு மட்டும் ஒன்றே. 2003-இல் வந்த புதிய மின்சாரச் சட்டம் அந்த 1910 சட்டத்தை நீக்கியது. ஆனால் விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்புக் கொடுக்கணும் என்ற கடமையை 43-ஆம் பிரிவாக எழுதி வைத்தது. செலவை எப்படி வசூலிப்பது என்பதை ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில் விட்டது. பழைய அளவுகோல் போனது, கடமை நின்றது. இதை மனசில் வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

நியூயார்க்கில் என்ன மாறியது? மேன்ஷனிலிருந்து ஆட்கள் காலி செய்ய வேண்டிய காலம் வந்தது. 2019-இல் அந்த மாநிலம் ஒரு பருவநிலைச் சட்டம் இயற்றியது. 1990-இல் இருந்த அளவோடு ஒப்பிட்டால் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தை 2030-க்குள் 40 சதவீதமும், 2050-க்குள் 85 சதவீதமும் குறைக்கணும். கட்டடங்களில் எரியும் கேஸைக் குறைக்காமல் இது நடக்காது. ஆக, ஒரு சட்டம் 'கேஸைக் குறை' என்கிறது. இன்னொரு சட்டம் 'கேட்கிறவனுக்கெல்லாம் நூறு அடி குழாய் இலவசமாகப் போட்டுக் கொடு' என்கிறது. இன்றைக்குப் புதைக்கிற குழாயின் கடன் 2050-ஐத் தாண்டியும் ஓடலாம். அதற்குள் பாதிப் பேர் மின்சாரத்துக்கு மாறிவிட்டால் மிச்சக் கடனை யார் கட்டுவது?

கடைசி வரை இருக்கிறவங்கதான் கட்டணும். யார் கடைசி வரை இருப்பாங்க? பாய்லரைத் தூக்கிட்டு மின் ஹீட் பம்ப் வைக்கக் காசு இருக்கிறவங்க முதலில் கிளம்பிடுவாங்க. வாடகைக்கு இருக்கிறவங்க, பாய்லரை மாற்றும் உரிமையே இல்லாதவங்க, அந்தக் கயானா பாட்டி மாதிரி ஆட்கள், அவங்கதான் கடைசி. ஏழைத் தெருவுக்கும் கேஸ் போகணும் என்று போட்ட விதி, இப்போ ஏழைத் தெருவின் தலையில் கடனை ஏற்றுது. விதியில் ஓர் எழுத்துக்கூட மாறலை. அதைச் சுற்றி இருந்த உலகம் மாறிடுச்சு.

செத்த சட்டம் என்று நாம் சொல்கிறோமே, அது புத்தகத்தில் தூசி படிந்து சும்மா கிடக்கும் என்றுதானே நினைப்போம்? சேவைச் சட்டத்தில் அப்படி எதுவும் சும்மா கிடக்காது. அது மாசாமாசம் பில் அனுப்பிட்டே இருக்கும்.

சரி, நீக்க வேண்டியதுதானே? கலிஃபோர்னியாவில் ஓரளவு சுலபமாக நடந்தது. அங்கே கேஸ் இணைப்புக்கான சலுகைகள் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளில்தான் இருந்தன. 2022 செப்டம்பரில் ஆணையம் ஓர் உத்தரவு போட்டு, 2023 ஜூலை முதல் அந்தச் சலுகைகளை நிறுத்தியது. நியூயார்க்கில் நூறு அடி என்பது சட்டமன்றம் இயற்றிய சட்டத்திலேயே இருந்தது. ஆணையம் நினைச்சாலும் அதில் கை வைக்க முடியாது. சட்டமன்றம்தான் வரணும்.

சட்டமன்றத்தில் வருஷக்கணக்கில் இழுத்தது. முதலில் கொண்டுவந்த மசோதா பெரியது. நூறு அடி விதி மட்டுமில்லாமல், கேட்கிற எல்லாருக்கும் கேஸ் கொடுத்தே ஆகணும் என்ற அடிப்படைக் கடமையையே அது மாற்றப் பார்த்தது. செனட்டில் நிறைவேறும், கீழவையில் நின்றுவிடும். கடைசியில் 2025 ஜூனில், நூறு அடி விதியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து இரண்டு அவையும் நிறைவேற்றின. அந்த டிசம்பரில் ஆளுநர் கேத்தி ஹோகுல் கையெழுத்திட்டார். ஏற்கெனவே கேஸ் இருக்கிறவங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. புது இணைப்பு வேண்டும் என்றாலும் வாங்கலாம், ஆனால் குழாய்ச் செலவை வாங்குகிறவர் பார்த்துக்கணும்.

எதிர்த்தவங்க எல்லாரையும் கம்பெனிக்காரன் என்று ஒதுக்கிடாதீங்க. புது வீட்டின் விலை ஏறும் என்றாங்க, அதில் நியாயம் இருக்கு. நியூயார்க்கில் மின்கட்டணமும் மலிவு இல்லை. 2019-இல் நடந்ததையும் மறக்கக் கூடாது. அந்த வருஷம் ஒரு புதிய குழாய்த் திட்டத்துக்கு அனுமதி கிடைக்காததால், புரூக்ளின், குயின்ஸ், லாங் ஐலண்ட் பகுதிகளில் நேஷனல் கிரிட் நிறுவனம் புது கேஸ் இணைப்புகளை நிறுத்தியது. கடை திறக்கக் காத்திருந்தவங்க, வீட்டைப் புதுப்பித்துவிட்டுத் திரும்ப இணைப்புக் கேட்டவங்க எல்லாம் நடுவில் மாட்டிக்கிட்டாங்க. உரிமத்தையே ரத்து செய்வேன் என்று அப்போதைய ஆளுநர் மிரட்டிய பிறகு, நவம்பரில் சமரசம் வந்தது. 3.6 கோடி டாலர் அபராதத்துக்கு நிறுவனம் ஒத்துக்கிட்டது. அன்றைக்கு அந்தக் கடைக்காரருக்குப் பின்னால் நின்றது, கேட்டால் கொடுத்தே ஆகணும் என்ற அந்தப் பழைய கடமைதான்.

இதுதான் இந்த வேலையில் இருக்கிற சிக்கல். பழையது என்பதும் காலாவதியானது என்பதும் ஒன்றில்லை. 31, 33 இரண்டும் ஒரே சட்டம், ஒரே அத்தியாயம், பக்கத்துப் பக்கத்துப் பிரிவு. 'பழைய குப்பையைச் சுத்தம் பண்றோம்' என்று யாராவது துடைப்பத்தோடு வந்தால் எனக்குச் சந்தோஷமும் வரும், பயமும் வரும். அந்தத் துடைப்பம் 31-இல் நிற்குமா, 33 வரைக்கும் போயிடுமா?

அப்போ எப்படித்தான் நீக்குவது? எனக்குப் பிடிச்ச உதாரணம் அதே நியூயார்க்கில்தான் இருக்கு, ஆனால் சட்டத்தில் இல்லை, கம்பியில் இருக்கு. தாமஸ் எடிசன் 1882 செப்டம்பர் 4-ஆம் தேதி பேர்ல் ஸ்ட்ரீட்டில் தன் மின்நிலையத்தைத் தொடங்கினார். அது கொடுத்தது நேர்மின்சாரம், டிசி. பிறகு உலகமே ஏசிக்கு மாறியது. அந்த நகரத்தில் கடைசி டிசி இணைப்பை எப்போது துண்டிச்சாங்க தெரியுமா? 2007 நவம்பர் 14. நூற்று இருபத்தைந்து வருஷம்!

ஏன் அவ்வளவு காலம்? ஏன்னா பழைய கட்டடங்களின் லிஃப்ட்கள் டிசி மோட்டாரில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நாள் காலையில் சுவிட்சை அணைத்தால், எட்டாவது மாடியில் இருக்கும் வயசானவர் கீழே இறங்க முடியாது. அதனால் என்ன செஞ்சாங்கன்னா, தெருவில் ஏசி கம்பியைக் கொண்டுவந்துட்டு, தேவைப்பட்ட கட்டடத்துக்குள்ளேயே ஏசியை டிசியாக மாற்றும் கருவியை வச்சாங்க. லிஃப்ட் ஓடிக்கொண்டே இருந்தது, தெருவிலிருந்து பழைய கம்பி போனது.

சட்டப் பிரிவை நீக்குவதும் அப்படித்தான் நடக்கணும் என்பது என் கட்சி. பிரிவை எடுக்கும் முன்னாடி, அதைப் பிடித்துக்கொண்டு இன்னமும் யார் மாடியில் இருக்காங்க என்று வீடு வீடாகப் பார்க்கணும். அவங்களுக்கு அந்த மாற்றுக் கருவியை முதலில் வைக்கணும். நம்ம 2003 மின்சாரச் சட்டம் நூறு அடியை விட்டுட்டு, இணைப்புத் தரும் கடமையை வைத்துக்கொண்டதே, அது ஓரளவு இந்த மாதிரி.

கலிஃபோர்னியா இப்போது ஒரு படி மேலே போய்ப் பார்க்குது. ஒரு தெருவில் இருபது வீடு. பத்தொன்பது பேர் மின்சாரத்துக்கு மாறத் தயார், ஒருத்தர் மட்டும் எனக்கு கேஸ்தான் வேண்டும் என்கிறார். பழைய சட்டப்படி அந்த ஒருவருக்காக முழுத் தெருவின் குழாயையும் பராமரிக்கணும், பழுதானால் புதுசாகப் போடணும். செலவு எல்லார் பில்லிலும் ஏறும். 2024-இல் வந்த சட்டம் அதிகபட்சம் 30 இடங்களில் ஒரு சோதனைக்கு வழிவிடுது. ஒரு பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு வாடிக்கையாளர்கள் சம்மதித்தால், கேஸுக்குப் பதில் வேறு ஆற்றல் வசதியைக் கொடுத்து அந்தக் கடமையை நிறைவேற்றலாம். வீடு சூடாக இருக்கணும், சமையல் நடக்கணும். அது எந்தக் குழாய் வழியாக வருது என்பதைச் சட்டம் கட்டிப்பிடிச்சுட்டு இருக்க வேண்டாம். மறுக்கும் மூன்றில் ஒரு பங்கு ஆட்களின் நிலைமை என்ன? அந்தக் கேள்வி எனக்கும் உறுத்துது. அதனால்தான் அதைச் சின்ன அளவில் சோதிச்சுப் பார்க்கிறது நல்லது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தெருவைத் தோண்டி வீட்டுக்குக் குழாய் கேஸ் கொண்டுவரும் வேலை நடக்குது. நாம வலைப்பின்னல் வளர்கிற கட்டத்தில் இருக்கோம், அவங்க சுருக்குகிற கட்டத்தில் இருக்காங்க. இன்றைக்கு இங்கே எழுதப்படும் விதிகள் நல்ல விதிகளாகவே இருக்கலாம். நூறு அடியும் ஒரு காலத்தில் நல்ல விதிதான். பத்து வருஷத்துக்கு ஒரு முறை 'இது இப்போ யாருக்கு உதவுது, யார் பணம் கட்டுறாங்க' என்று திரும்பிப் பார்க்கணும் என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதினால், அடுத்த தலைமுறைக்கு இந்தப் பாடு இருக்காது.

உங்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். அடுத்த முறை மின்சார பில்லோ கேஸ் பில்லோ வந்தா, மொத்தத் தொகையை மட்டும் பார்த்துட்டு ஜிபே பண்ணிடாதீங்க. ஒவ்வொரு வரியையும் படிங்க. புரியாத வரி இருந்தால், அது எந்த விதிப்படி வருது என்று கேட்டு எழுதுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

அந்தக் கட்டடத்தை நான் காலி செய்தப்போ, பாட்டியிடம் போய்ச் சொல்லிக்கொண்டேன். அந்தச் சட்டமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தனக்குச் சட்டம் எதுவும் தெரியாது என்றாங்க. முன்னாடி ஒரு குளிர்காலத்தில், இதே மாதிரி நோட்டீஸ் ஒட்டியிருந்தப்போ, ரெண்டாவது மாடியில் இருந்த யாரோ அவங்களுக்கு அந்தச் சின்ன எழுத்தைப் படிச்சுக் காட்டினாங்களாம்.

அவ்வளவுதான் நண்பர்களே. அடுத்த வாரம் பார்க்கலாம்.